கிள்ளான் பெத்லகேமின் கோட்டைக் கதவு

எங்கள் பங்குக் கோயிலில் பெத்லகேமைச் சுற்றி ஒரு கோட்டை மதில் உண்டு. மலேசியாவில், கிள்ளானில் வளர்ந்த எனக்கு அதில் ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. மற்றக் கோயில்களில் கிறிஸ்துமஸ் குடில் என்றால் வைக்கோல் கூரையும் ஒரு மாடும் சில ஆடுகளும்தான். எங்கள் குடிலில் மலை இருக்கும். மலைமேல் நட்சத்திர வடிவத்தில் மதில். மதிலுக்கு ஒரு வாசல், வாசலுக்கு இருபுறமும் கோபுரம், முன்னால் ஆழமான பள்ளம், பள்ளத்தின் மேல் ஒரு பாலம். பாலத்தின் முனையில் சிவப்பும் வெள்ளையும் பூசிய தடுப்புக் கம்பு. அதன் பக்கத்தில் கையைத் தூக்கி ‘நில்’ என்று சொல்லும் காவல்காரன். மாட்டுக் கொட்டகை மதிலுக்கு வெளியே, பள்ளத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும். பள்ளிக்கூடத்தில் பெத்லகேம் படம் வரையச் சொன்னபோது நான் அந்தத் தடுப்புக் கம்பையும் சேர்த்துத்தான் வரைந்தேன். சிஸ்டர் சிரித்தார். அவருக்கு விவிலியம் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஊரைக் கட்டவைத்தவர் எங்கள் பழைய பங்குச் சாமியார். பிரெஞ்சுக்காரர். தமிழை இழுத்து இழுத்துப் பேசுவார், மீன் குழம்பை மட்டும் வேகமாகச் சாப்பிடுவார். பங்கிலிருந்த ரயில்வேக்காரர்களைக் கூட்டி, தரையில் சாக்கட்டியால் கோடு போட்டுக் காட்டி, பலகையிலும் சுண்ணாம்பிலும் அதைச் செய்யவைத்தார். என் அப்பா அப்போது ரயில்வேயில் ஃபிட்டர். கோட்டைக் கதவு அவர் கைவேலை. கழித்துப்போட்ட ரயில் பெட்டியின் தேக்குப் பலகை, ஒரு சாண் உயரம், இரண்டு கதவு, அசல் இரும்புக் கீல். சாமியார் அதைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, “சாத்தியே இருக்கட்டும். அன்றைக்கு அது சாத்தித்தான் இருந்தது” என்றாராம். அப்பா அதைப் பெத்லகேமைப் பற்றிச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டார். எல்லாரும் அப்படித்தான். சாமியாரின் சொந்த ஊர் எது, எப்படிப்பட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை. நம் ஆட்கள் சாமியாரைப் பார்த்தால் சாப்பிட்டாச்சா என்று கேட்பார்கள், அதற்குமேல் வாய் வராது.

அந்தக் கதவைத் தட்டும் பழக்கத்தை யார் தொடங்கினார்கள் என்று தெரியாது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் தொடங்கிக் குடில் வைத்ததும், பூசை முடிந்து போகிறவர்களில் எதற்காகவாவது காத்துக்கொண்டிருப்பவர்கள் ஒரு நிமிடம் நின்று, ஆள்காட்டி விரலை நீட்டி, அந்தச் சின்னக் கதவை மெல்லத் தட்டிவிட்டுப் போவார்கள். பெண்ணுக்கு வரன் வரவேண்டும், பையனுக்குப் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிக்குலேஷன் படிப்பில் இடம் கிடைக்கவேண்டும், மலிவு வீடு கிடைக்கவேண்டும், ஆஸ்பத்திரி ரிசல்ட் நல்லபடி வரவேண்டும். வாய்விட்டுச் சொல்வதில்லை, மெழுகுவர்த்தி ஏற்றுவதில்லை. தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கவேண்டும், திரும்பிப் பார்க்கக்கூடாது. பின்னால் வந்த சாமியார்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. ஆனாலும் யாரும் தடுக்கவில்லை.

அப்பா வருடம் தவறாமல் தட்டுவார். அவருக்குச் சிவப்பு ஐசி, அதாவது சிவப்பு அடையாள அட்டை. இந்த நாட்டிலேயே இருக்கலாம், வேலை செய்யலாம், வரி கட்டலாம். ஆனால் குடிமகன் இல்லை என்று சொல்லும் அட்டை அது. அவர் பிறந்தது பந்திங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். பிறப்பைப் பதிய யாரும் போகவில்லை. பதியவேண்டியவர்கள் அவர் நடக்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எங்கள் எல்லாருக்கும் குடிமக்களுக்கான நீல ஐசி. வீட்டில் அவர் ஒருவருக்குத்தான் சிவப்பு. வாக்களிக்கும் நாளன்று நாங்கள் மை வைத்த விரலோடு வீட்டுக்கு வருவோம். அவர் எங்களுக்குக் காப்பி கலக்கி வைத்திருப்பார்.

குடியுரிமைக்கு விண்ணப்பம் போடுவது, காத்திருப்பது, மறுபடி போடுவது என்றே எங்கள் வீட்டில் காலம் போனது. கடைசியாகப் பதிவு அலுவலகத்துக்குப் போனபோது நானும் கூடப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் என் மகள் வயதுதான் இருப்பாள். மரியாதையாகத்தான் பேசினாள். அவர் எப்போது மலேசியாவுக்கு வந்தார் என்று மலாயில் கேட்டாள். அப்பா, தான் வரவில்லை, இங்கேதான் பிறந்தேன் என்று அவளைவிட நல்ல மலாயில் சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு, சரி, ஆனால் வந்தது எப்போது என்று மறுபடி கேட்டாள். எனக்கு அந்த இடத்திலேயே எதையாவது தூக்கிப் போட்டு உடைக்கவேண்டும் போலிருந்தது. அப்பா என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். மனு இன்னும் பரிசீலனையில் இருக்கிறது, கூப்பிடுவோம் என்று அனுப்பினார்கள். இன்னும் கூப்பிடவில்லை.

போன வருடம் எங்கள் பங்கிலிருந்து பிரான்சில் உள்ள லூர்து மாதா கோயிலுக்குத் திருயாத்திரை போனோம். அப்பா வரவில்லை. பாஸ்போர்ட் இல்லாத மனுஷர் எங்கே வருவார்? “நீ போய்ட்டு வா, எனக்குத் தண்ணி கொண்டா” என்று ஒரு பிளாஸ்டிக் போத்தலைக் கையில் கொடுத்து அனுப்பினார். லூர்தில் மூன்றாம் நாள் பூசையும் பவனியும் முடிந்த பிறகு, பஸ்ஸில் மலை சுற்றிப் பார்க்கக் கூட்டிப் போனார்கள். பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவில், வளைந்து வளைந்து ஏறும் பாதை. பாதிப் பேருக்குத் தலைசுற்றல், மீதிப் பேர் தூக்கம். ஒரு வளைவு திரும்பியதும் முன்சீட்டில் இருந்த கிள்ளான் ஆன்டி ஒருவர் எழுந்து நின்று அலறினார்.

“ஐயோ, அங்க பாருங்க! பெத்லகேம்!”

பஸ் முழுக்க எழுந்துவிட்டது. மலைமேல் நட்சத்திர வடிவத்தில் மதில். வாசல். இருபுறமும் கோபுரம். பள்ளம். பாலம். சிலர் சிலுவை அடையாளம் போட்டார்கள். எங்களோடு வந்த கைடு, பெட்டாலிங் ஜெயா பையன், பதறிப்போய் மைக்கைப் பிடித்தான். “ஆன்டி, பெத்லகேம் இங்க இல்ல லா, அது வேற நாடு. வேற டூர்.” யாரும் காதில் வாங்கவில்லை. பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டோம். அந்த மதிலின் ஒவ்வொரு மடிப்பும் எனக்குத் தெரியும். எத்தனை வருடம் டிசம்பரில் அதைத் துடைத்துச் சுண்ணாம்பு பூசியிருக்கிறேன்! எந்த மூலையில் எது இருக்கும் என்று நானே முன்னால் நடந்து காட்டினேன்.

உள்ளே ஒரே ஒரு தெரு. அதில் ஒரு ரொட்டிக்கடை. கடைப் பலகையில் எங்கள் பழைய சாமியாரின் குடும்பப் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. கடைக்காரர் எழுபது வயதுக்காரர், உடைந்த ஆங்கிலம் பேசினார். சாமியார் அவருக்குச் சித்தப்பா. நாங்கள் சாமியாரின் பேரைச் சொன்னதும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். அந்த ஊரின் கதையை எனக்குச் சொன்னது அவர்தான்.

இரண்டு ராஜாக்கள் நெடுங்காலம் சண்டை போட்டுச் சலித்து, சமாதானம் பேசி, மலைதான் எல்லை என்று முடிவு செய்தார்கள். மலைக்கு நடுவே ஒரு பெரிய பள்ளத்தாக்கு இருந்தது. அதன் இரண்டு பக்கத்திலும் ஒரே மொழி. கொண்டான் கொடுத்தான் உறவு. இரண்டு பக்கத்து எழுத்தர்களும் உட்கார்ந்து, இந்தக் கிராமம் உனக்கு, அந்தக் கிராமம் எனக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். படுக்கப் போன மனுஷன் காலையில் எழுந்தபோது அவன் வீடு ஒரு நாட்டிலும் மாடு மேயும் நிலம் இன்னொரு நாட்டிலும் இருந்தது. அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனும் எங்கேயும் போகவில்லை, எங்கிருந்தும் வரவில்லை. கடைக்காரர் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கவுண்டர்தான் ஞாபகம் வந்தது.

புது எல்லைக்குக் காவல் வேண்டும் என்று ராஜா ஒரு பொறியாளரை அனுப்பினார். அவர் மேட்டில் ஏறிப் பார்த்து, மொட்டைப் பாறையில் நட்சத்திரம் வரைந்து, மதிலும் படைவீடும் கோயிலும் கட்டினார். ஊர் என்று ஒன்று அங்கே முன்பு இருந்ததே இல்லை. சிப்பாய்களுக்கு ரொட்டி சுடவும் துணி துவைக்கவும் ஆள் வேண்டும் என்று கொண்டுவந்து குடிவைத்தவர்களின் பிள்ளைகள்தான் ஊர்க்காரர்கள் ஆனார்கள். (தோட்டத்துக்கு ஆள் கொண்டுவந்த கதை மாதிரியே இருக்கிறதே என்று பக்கத்தில் இருந்த அக்கா என் காதில் சொன்னார்.) குளிரில் சிப்பாய்கள் செத்தார்கள், சலிப்பில் குடித்தார்கள். எதிரி மட்டும் வரவே இல்லை. அந்தத் தடித்த மதிலை உடைக்க யாரும் பெரிதாக மெனக்கெடவில்லை. பிறகு பீரங்கிகள் பெரிதாகி மதிலுக்கே வேலை இல்லாமல் போயிற்று. உப்பும் புகையிலையும் கடத்துகிறவர்களைப் பிடிக்கத்தான் காவல்காரர்கள் வாசலில் நின்றார்கள்.

கடைசியில் ஒரு குளிர்காலத்தில் வாசலுக்கு ஆள் வந்தது. பக்கத்து நாட்டில் உள்நாட்டுப் போர். தோற்றவர்கள் பனியில் மலையேறி வந்தார்கள். பெண்கள், கிழவர்கள், மெத்தையைத் தலையில் சுமந்தவர்கள், ஆட்டைத் தூக்கி வந்தவர்கள். தலைநகரிலிருந்து உத்தரவு வரவில்லை என்று கோட்டைக் கதவைச் சாத்திவிட்டார்கள். பல நாள் அது திறக்கவில்லை. வந்தவர்கள் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த மாட்டுக் கொட்டகைகளில் ஒண்டினார்கள். ஊர்ப் பெண்கள் மதில்மேலிருந்து கயிற்றில் கட்டி ரொட்டி இறக்கினார்கள். எங்கள் சாமியார் அப்போது சின்னப் பையன். மதிலுக்கு உள்ளே நின்று அந்தக் கதவு தட்டும் சத்தத்தைக் கேட்டிருக்கிறார். அங்கே குழந்தை ஏதாவது பிறந்ததா என்று கேட்டேன். தெரியாது என்றார் கடைக்காரர். சித்தப்பா அதைப் பற்றி அதிகம் பேசமாட்டாராம். அன்றைக்குக் கதவு சாத்தியிருந்தது என்று மட்டும் சொல்வாராம்.

நான் கதவைப் பார்க்க ஓடினேன். கதவு இல்லை. கல் வளைவு மட்டும் இருந்தது. கீல் மாட்டிய துளைகளில் புறா எச்சம். டூரிஸ்ட் பஸ் உள்ளே வர வசதியாக எப்போதோ கழற்றிவிட்டார்களாம். மதியம் எங்கள் பஸ் எல்லையைத் தாண்டி ஸ்பெயின் பக்கம் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தது. வழியில் ஒரு காவல் கூண்டு காலியாக நின்றது. ஒருவரும் எங்களை நிறுத்தவில்லை, பாஸ்போர்ட்டைப் பார்க்கவில்லை. எல்லாரும் ‘அடடா, என்ன சுதந்திரம்’ என்று படம் பிடித்தார்கள். எல்லைக்காகவே கட்டிய ஊரில் இன்றைக்கு எல்லை இல்லை. தோட்டத்தில் பிறந்து இந்த நாட்டைத் தாண்டாத மனுஷருக்கு இன்னும் எல்லை.

வீட்டுக்கு வந்து, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ஃபிளாட்டில் (இங்கே குடிவந்து வருடங்கள் ஆகியும் எங்கள் பங்கு கிள்ளான்தான்) அப்பாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர்ப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். ராஜாக்களைப் பற்றி அவருக்கு அக்கறை இல்லை.

“சத்தம் கேட்டுச்சாமா சாமிக்கு? உள்ளேருந்து?”

“கேட்டுச்சாம்பா.”

“அப்ப நாம தட்டுனதும் கேட்டிருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போத்தல் மூடியைத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். பங்குப் பேரவைத் தலைவர் கேட்டார் என்று, குடிலுக்குப் பக்கத்தில் மாட்டிவைக்க அந்த ஊரின் வரலாற்றை ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொண்டுபோனேன். மதில் பலகையில் கரையான் அரிக்கிறது, புதுக் குடில் வாங்கலாம் என்ற பேச்சு அதற்கு முன்பே இருந்தது. இது எவ்வளவு அருமையானது என்று தெரிந்தால் காப்பாற்றுவார்கள் என்று நம்பினேன். தலைவர் முப்பத்தைந்து வயது எஞ்சினியர், நல்ல பிள்ளை, சுறுசுறுப்பு. படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“அப்ப ஆன்டி, இது பெத்லகேமே இல்லையா?”

“இல்லப்பா. அதைத்தான் சொல்றேன்.”

“இத்தனை வருஷமா நம்ம ராங் மாடல் வச்சிருக்கோமா?”

கூட்டத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். விவிலியத்தில் மதில் எங்கே இருக்கிறது, பிரெஞ்சுக்காரர் ஊருக்கு நாம் ஏன் சுண்ணாம்பு அடிக்கவேண்டும் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருவர், இதையெல்லாம் வெளியே சொல்லாதீர்கள், மற்றப் பங்கில் கேலி செய்வார்கள் என்றார். கொட்டகை ஏன் மதிலுக்கு வெளியே என்று நான் எடுத்துச் சொன்னேன். கதவைத் தட்டுகிறவர்களைச் சொன்னேன். “அது மூடநம்பிக்கைதானே ஆன்டி” என்று ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள். அவள் தன் வீட்டு லோனுக்காகப் போன டிசம்பரில் தட்டியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கோட்டையைக் காப்பாற்ற நான் கொண்டுபோன கதையே அதற்கு வினையாக முடிந்தது. என்மேல் எனக்கே வந்த எரிச்சலை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

மதிலை லோரியில் ஏற்றினார்கள். நான் கதவையும் காவல்காரனையும் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். கதவைப் பழைய போர்வையில் சுற்றி, கொம்யூட்டர் ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு கிள்ளானிலிருந்து சென்ட்ரல் வரை வந்தேன். எதிரில் இருந்தவர் பூனையா என்று கேட்டார். கதவு என்றேன். அதற்குமேல் கேட்கவில்லை.

வீட்டுப் பீடத்தில் மாதாவுக்குக் கீழே அதை நிறுத்தி, காவல்காரனைப் பக்கத்தில் வைத்தேன். அப்பா தையல் மெஷின் எண்ணெய் எடுத்துவந்து கீல்களுக்குப் போட்டார். ஒரு கீலைத் தடவி, இது சரியாக உட்காரவில்லை, அப்போதே மாற்றியிருக்கவேண்டும் என்று குறைப்பட்டுக்கொண்டார்.

“தட்டுங்கப்பா” என்றேன்.

“இங்கயா?”

“ஏன், இதே கதவுதானே?”

“ஏம்மா, இது என் வீடு. என் வீட்டுக்குள்ள நின்னுக்கிட்டு யாரைத் தட்டிக் கூப்பிட நான்?” அவருக்குக் கோபம் இல்லை. நான் ஏதோ புரியாமல் பேசுகிறேன் என்பதுபோல் பார்த்தார். “தட்டுறவன் வெளிய நிக்கணும். ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போவோம்.”

கோயிலில் கதவு இல்லை என்பதை அவரிடம் பலமுறை சொல்லிவிட்டேன். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. சிலது மனதில் நிற்கும், சிலது நிற்காது. நிற்கவேண்டாம் என்று அவரே முடிவு செய்ததும் உண்டு.

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு அவர் இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். புதுக் குடில் பளபளவென்று இருந்தது. ஃபோமில் செய்த தட்டைக் கூரை வீடுகள், பேரீச்ச மரங்கள், எல்இடி நட்சத்திரம். கொட்டகை நட்டநடுவில். சுற்றிலும் ஒரு வேலிகூட இல்லை, நாலு பக்கமும் திறந்த மணல். பிள்ளைகள் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பூசை முடிந்து வந்த சில பெண்கள் பழக்க தோஷத்தில் நின்றார்கள், தேடினார்கள், கைப்பையைச் சரிசெய்துகொண்டு நகர்ந்தார்கள்.

அப்பா அருகில் போனார். விரலை நீட்டிவிட்டார். நீட்டிய விரல் ஒரு வீட்டுப் பக்கம் போனது, மரத்துப் பக்கம் போனது, மாட்டின் முதுகுக்கு மேலே நின்றது. எங்கேயும் தட்ட இடம் இல்லை. நான் போய்க் கையைப் பிடிப்பதற்குள் பேரவைத் தலைவர் சிரித்த முகத்தோடு வந்துவிட்டார்.

“என்னா அங்கிள், தேடுறீங்களா? கதவெல்லாம் எடுத்தாச்சு லா. இப்ப ஓப்பன் கான்செப்ட். கதவே கிடையாது. யார் வேணும்னாலும் உள்ள வரலாம்.”

அப்பா நீட்டிய விரலை மடக்கவில்லை. அவரை ஏற இறங்கப் பார்த்தார். அப்பா கேலி செய்கிறாரோ என்று நினைத்தேன். முகத்தில் அது இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிய முகம் அது.

“அப்படியா தம்பி?” என்றார். “எப்பலேருந்து? என்கிட்ட யாரும் சொல்லலையே.”